ஊரை வரைந்த பிறகே வீட்டை வரைபவர்: இராமநாதபுரத்தில் ஒரு கட்டட வடிவமைப்புச் சேவை

இராமநாதபுரம் கேணிக்கரைப் பகுதியில், மருந்துக் கடை ஒன்றின் மாடியில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கிவரும் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. அதை நடத்துபவர் எழுபது வயதைக் கடந்த கட்டடக் கலைஞர். நகரமைப்பிலும் பட்டம் பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியை வீடுகளுக்கு அல்லாமல் ஊர்களுக்கு வரைபடம் வரைவதில் கழித்தவர். விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் அவர் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். உச்சிப்புளிக்குத் தெற்கே, தென்கடலை ஒட்டிய எங்கள் கிராமத்தில் 1,400 சதுர அடியில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு அவர்தான் வடிவமைப்பாளர். அவருடைய வரைபடங்கள் கொடுத்த பணத்துக்கு மேலாகவே பெறும் என்பதும், வரைபடத்துக்குப் பிறகான சேவையை நம்பி இருக்க முடியாது என்பதும் என் முடிவு. இந்த இரண்டுக்கும் காரணம் அவர் கடந்து வந்த தொழில் வாழ்க்கையே என்று நினைக்கிறேன். ஆகவே அதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுவோர் கட்டடக் கலைஞரிடம் போவது அரிது. அனுமதிக்காக ஒரு பொறியாளர் அலுவலகத்தில் சதுர அடிக் கணக்கில் பிளான் வாங்கிக்கொண்டு, மற்றதை மேஸ்திரியின் கையில் விட்டுவிடுவதுதான் வழக்கம். 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, அதற்கான மன்றத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதிவைத்திருப்பவர்கள் எல்லாரும் பதிவு பெற்றவர்கள்தானா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. நான் கேட்டபோது இவர் எதுவும் பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து, ஓரம் மஞ்சளித்த பதிவுச் சான்றிதழை எடுத்து வைத்தார்.

அவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து வானம்பார்த்த பூமிக்காரர். கிண்டியில் கட்டடக் கலை படித்துவிட்டு, 1970-களின் பிற்பகுதியில் பம்பாய்க்குப் போய், ஒரு தனியார் அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்திருக்கிறார். கடலுக்கு அக்கரையில் புதிய பம்பாய், அதாவது இன்றைய நவி மும்பை, எழுந்துகொண்டிருந்த காலம் அது. தீவு போல நீண்டு கிடக்கும் பழைய பம்பாயில் நெரிசல் தாங்காது, எனவே துறைமுகத்துக்குக் கிழக்கே நிலப்பரப்பில் ஒரு புது நகரம் வேண்டும் என்று 1960-களின் நடுப்பகுதியிலேயே முன்மொழிந்தவர்கள் மூவர்: கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரீஷ் படேல். அதை ஏற்று 1970-இல் சிட்கோ என்ற மகாராஷ்டிர அரசு நிறுவனம் அமைக்கப்பட்டதும், 1970-களின் முற்பகுதியில் கொரியாவே அந்த நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தார். நம்மவர் அந்த நிறுவனத்தில் நேரடியாக வேலை பார்த்ததில்லை. அதன் பகுதிகளுக்குச் சாலையும் வடிகாலும் வரைந்துகொடுத்த அலுவலகங்களில் இருந்திருக்கிறார். ஆனாலும் கொரியாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் வீட்டுப் பேச்சு நின்றுவிடும் என்பதை வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நிற்பதால் நட்டமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930-இல் செகந்திராபாத்தில் பிறந்து, அமெரிக்காவில் மிச்சிகனிலும் எம்.ஐ.டி.யிலும் படித்துத் திரும்பிய கொரியா, முப்பது வயதுக்குள்ளாகவே சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை வடிவமைக்கத் தொடங்கிவிட்டார். ஓட்டுக் கூரை, செங்கல் தூண், இடையிடையே வானம் தெரியும் திறந்தவெளி என்று நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருப்பதற்கு மேல் அந்தக் கட்டடத்தில் பெரிதாக எதுவும் இல்லை. அதுவே அதன் பெருமை. 1960-களின் தொடக்கத்தில் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்காக அவர் அகமதாபாத்தில் கட்டிக்காட்டிய 'குழாய் வீடு', குறுகிய நீண்ட அமைப்பில், சாய்ந்த கூரையின் உட்புறமாகச் சூடான காற்று மேலேறி உச்சித் திறப்பு வழியே வெளியேற, கீழே குளிர்ந்த காற்று உள்ளே வரும்படி அமைந்தது. மின்விசிறிக்கே வழியில்லாத குடும்பத்துக்கு வெயிலைத் தணிப்பது கட்டடத்தின் வடிவமே செய்ய வேண்டிய வேலை என்பது அதன் அடிப்படை. எங்கள் கூடத்தின் மேல் உச்சியில் ஒரு நீண்ட காற்றுத் திறப்பு வந்ததன் பூர்வீகம் அந்த வீடுதான் என்று நம் வடிவமைப்பாளரே சொன்னார்.

அவர் அடிக்கடி எடுத்துக் காட்டுவது பேலாப்பூர் குடியிருப்பை. 1980-களில் நவி மும்பையில் கொரியா வடிவமைத்த அந்த இடத்தில், ஏழேழு வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஏழுக்கும் ஏறத்தாழ 8 மீட்டர் சதுரத்தில் ஒரு பொது முற்றம் விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மூன்று தொகுதிகள் சேர்ந்து 21 வீடுகளாகி, 12 மீட்டர் சதுரத்தில் இன்னொரு பெரிய முற்றத்தைச் சுற்றி அமையும். எந்த வீடும் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளாது. கையில் பணம் சேரும்போது அண்டை வீட்டாரிடம் சம்மதம் கேட்காமலே அறை சேர்த்துக்கொள்ளலாம். பின்னாளில் பல குடும்பங்கள் அந்த ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு மாடி வீடுகள் எழுப்பிவிட்டன. இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "வளரட்டும்னுதானே தனித்தனியா விட்டாங்க, வளர்ந்துருச்சு" என்று முடித்துக்கொண்டார். அவர் எனக்கு வரைந்துகொடுத்த வீட்டிலும், மாடிக்குப் போகும் படிக்கட்டு வெளிப்புறத்தில் இருப்பதும், தம்பி நாளைக்கு மேலே கட்டினால் கீழ் வீட்டைத் தொட வேண்டிய தேவை வராதபடி தூண்களும் அடித்தளமும் கணக்கிடப்பட்டிருப்பதும் இதே சிந்தனையின் வழி வந்தவை.

தமிழகம் திரும்பிய பிறகு அவர் சிற்றூர்களுக்கும் சிறு நகரங்களுக்கும் முழுமைத் திட்டம் தயாரிக்கும் ஆலோசகராக நெடுங்காலம் வேலை பார்த்திருக்கிறார். எந்த நிலம் குடியிருப்பு, எந்த நிலம் வேளாண்மை, எந்தக் கண்மாயின் வரத்துக்கால் எந்த மனைப்பிரிவுக்குள் புகுந்து மறைகிறது என்று வண்ணம் தீட்டி அடையாளமிடும் வேலை. அந்தத் திட்டங்களில் நடைமுறைக்கு வந்தவை எத்தனை என்ற கேள்வியை அவரிடம் கேட்காமல் இருப்பது நாகரிகம். அறுபது வயதுக்கு மேல்தான் தனி வீடுகளை எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்.

இந்தப் பின்னணி முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். எத்தனை படுக்கையறை, பூஜையறை எந்த மூலை என்று எழுதிக்கொண்டு போயிருந்த தாளை அவர் வாங்கி மடித்து வைத்துவிட்டு, ஐப்பசி மழையில் உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது, மனைக்குப் பக்கத்தில் ஊற்று தோண்டினால் எத்தனை அடியில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது, கச்சான் என்னும் மேல்காற்றுக் காலத்தில் மணல் எந்தப் பக்கச் சுவரில் குவிகிறது என்று கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிறகு அவர் மனைக்கு வந்தபோதும் மனையை அளப்பதற்கு முன் தெருவின் இரு முனை வரை நடந்து, தாழ்வான இடங்களைச் சிறு நோட்டில் குறித்துக்கொண்டார். ஊர்த் திட்டம் போடுபவன் முதலில் ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்பது நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடெஸ் கற்றுக்கொடுத்த பாடமாம். 1914-இல் அன்றைய சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் இந்தியா வந்த அந்த ஸ்காட்லாந்துக்காரருடைய கண்காட்சி வரைபடங்களையெல்லாம் ஏற்றிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. மனிதர் தளராமல் வேறு படங்கள் சேர்த்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார். கொசு வருகிறது என்று குளங்களைத் தூர்க்கச் சொன்ன அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றவர் அவர் என்பது, ஊருணி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையம் பார்க்கும் நமக்கு ஆறுதலாகவும் எரிச்சலாகவும் இருக்கும் செய்தி.

கடற்கரை மனை என்பதால் சட்டம் முதலில் வந்தது. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கட்டுப்பாட்டுக்குள் வரும். மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப்புறங்களில் முதல் 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. எங்கள் மனை இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்தது. கோடு எங்கே ஓடுகிறது என்பதை நாமே கடற்கரையில் நின்று தீர்மானிக்க முடியாது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதையும், எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்பதையும் வரிசையாக எழுதிக் கொடுத்தார். இதற்கு முன் நாங்கள் அணுகிய ஓர் இடத்தில், அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே முன்பணம் கேட்டார்கள். நகரமைப்பு தெரிந்தவரிடம் போவதன் முதல் பயன் இது.

இரண்டாவது பயன் உப்பைப் பற்றிய அறிவு. பாம்பன் வட்டாரக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதை 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறு ஆண்டுக்கும் மேலாக நமக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் அதே கதிதான்: உப்பின் குளோரைடு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது, துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்து நெம்பிக் காங்கிரீட்டைப் பெயர்த்துவிடுகிறது. எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன வீடுகளில் சன்ஷேடின் அடிப்புறம் பெயர்ந்து, சிவந்த கம்பி வெளியே தெரிவதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அது வீட்டின் விதி என்ற எண்ணமே இருந்தது. கடலோரக் காற்றுக்கு நேரடியாகத் திறந்திருக்கும் கட்டடத்துக்கு, காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம் 30 தரக் காங்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடாக்கு, தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் 0.45-ஐத் தாண்டாத விகிதம். எங்கள் பக்கத்தில் வழக்கமாகப் போடப்படுவது அதைவிட வலுக் குறைந்த எம் 20; மூடாக்கு என்பது கம்பிக்கு அடியில் ஆங்காங்கே செருகப்படும் ஜல்லித் துண்டு.

தளம் போடுவதற்கு முந்திய மாலை அவர் சென்ட்ரிங் பலகை மீது குனிந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து எடுத்த 45 மில்லிமீட்டர் மரக்கட்டை ஒன்றைக் கம்பிக்கும் பலகைக்கும் இடையில் செருகிச் செருகிப் பார்த்தார். கட்டை நுழையாத இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். விளிம்புப் பகுதி முழுக்க வட்டமாகிவிட்டது. மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. "நாப்பது வருசமா இப்படித்தான் சார் போடுறோம்" என்றார். "அதான் தெருப் பூரா தெரியுதே அண்ணே" என்று பதில் வந்தது. மூடாக்குக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குகள் முழுவதும் மாற்றப்பட்டு மறுநாள் மதியம்தான் காங்கிரீட் இறங்கியது. தண்ணீரிலும் அதே கண்டிப்பு. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் பழைய கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, தேறாது என்று தெரிந்ததும், லாரித் தண்ணீருக்கும் சோதனைச் சான்று கேட்டார். லாரிக்காரர் எங்களைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவருவது கடினம்.

வடிவமைப்பில் அவர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேற்குச் சுவரில் உயரத்தில் இரு சிறு திறப்புகளைத் தவிர ஜன்னலே இல்லை. கச்சான் மணலும் மாலை வெயிலும் அங்கே நின்றுவிடுகின்றன. வீட்டின் நடுவே முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தெருப்பக்கம் திண்ணை. ஓட்டுக் கூரையின் விளிம்பு வரிசைகளும் முகட்டு வரிசையும் சுண்ணாம்புக் கலவையால் கட்டிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன, ஏனென்றால் புயற்காற்று ஓட்டை முதலில் தூக்குவது ஓரத்திலிருந்துதான். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் மிஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களின் படங்களை அவர் அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். பவளக் கல்லால் கட்டிய தடித்த சுவர்கள் நின்றன, கூரைகள் போயின என்பதே அவருக்கு அந்தப் படங்கள் சொல்லும் செய்தி. பவளக் கல்லை இன்று கடலிலிருந்து எடுக்கச் சட்டம் இடம் தராது, தரவும் கூடாது. எனவே செங்கல்லிலேயே வெளிச்சுவர்களை முக்கால் அடிக்குப் பதில் ஓர் அடிக்கும் கூடுதலாகத் தடிப்பாக்கியிருக்கிறார். இதில் ஏறிய செலவு சிறிதல்ல.

தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்டது எங்களுக்குப் பெரிய லாபம். மணற்பாங்கான எங்கள் கரையில் நல்ல தண்ணீர் மேலாக ஒரு படலமாகத்தான் நிற்கும், அடியில் உப்பு. ஆழ்துளைக் குழாய் இறக்கி வேகமாக உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும், நம் கிணற்றோடு பக்கத்து வீட்டு ஊற்றும் கெட்டுப்போகும். ஆகவே போர் போடாமல் அகலமான ஆழமற்ற உறைக்கிணறு, கூரைத் தண்ணீர் முழுவதும் வடிகட்டி வழியாக அதன் பக்கத்து மணலில் இறங்கும் அமைப்பு, கழிவுநீர்த் தொட்டி மனையின் எதிர் மூலையில், அதுவும் பக்கத்து வீட்டார் ஊற்றுக்கும் தள்ளி. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரெங்கும் பெயருக்கு ஒரு குழாயைக் குழிக்குள் விட்டுக் கணக்குக் காட்டியதை நினைத்தால், இங்கே அது வீட்டின் வரைபடத்திலேயே முதல் கோடாக வந்தது புதுமை. பக்கத்து வீட்டு ஊற்றை நம் வரைபடத்தில் அளந்து குறிக்கும் வடிவமைப்பாளரை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சமையலறையில்தான் சண்டை வந்தது. முதல் வரைபடத்தில் அதை வீட்டின் காற்றோட்டக் கணக்குக்கு ஏற்பச் சின்னதாக ஒரு மூலையில் ஒதுக்கியிருந்தார். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீன் கழுவுறது எங்க, பொரிக்கிற புகை எங்க போகும்? வாடைக் காத்து அடிச்சா வீடு பூரா நாறுமே சார்" என்றார். வடிவமைப்பாளரின் பதில் எல்லாம் கோட்பாடாக இருந்தது. "நீங்க எங்க வீட்டுல ஒரு நாளு வந்து சாப்புடுங்க" என்று அம்மா சொன்னதும், வந்தார். நகரை மீன் குழம்பும் பொரியலும் சாப்பிட்டார். பின்கட்டில் மீன் அரியும் இடத்திலேயே நின்று பார்த்துவிட்டு, மூன்றாவது வரைபடத்தில் சமையலறைக்கு வெளியே கூரையோடு கூடிய ஒரு வேலைத் தளமும், தனி வடிகாலும், தென்பக்கம் திறக்கும் ஒரு கதவும் சேர்த்துக் கொடுத்தார். திருத்திக்கொள்ளும் குணம் இருக்கிறது. ஆனால் ஊரின் ஓடுகாலை முதல் நாளிலேயே கேட்டறிந்த மனிதர், மீன் கழுவும் தண்ணீரைக் கேட்காமல் விட்டது எப்படி என்று இன்றும் அம்மா கேட்பார்.

குறைகள் இத்துடன் முடியவில்லை. முதலாவது, தாமதம். கையால் வரைகிறார், கணினியில் ஏற்றித் தர ஓர் இளைஞர் வாரத்தில் சில நாட்கள் மட்டும் வருகிறார். ஒரு திருத்தம் சொன்னால் அது தாளாகத் திரும்பி வருவதற்குள் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். வீடு முடிந்தால் எப்படி இருக்கும் என்று வண்ணப் படமாகக் காட்டச் சொன்னால் காட்டமாட்டார். அட்டையில் சிறு மாதிரி ஒன்றைச் செய்து வைத்தார், அதுவும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அண்ணன் துபாயிலிருந்து அதைப் பார்க்க முடியவில்லை. மின்சார வேலைக்கான வரைபடம் மிகவும் மெலிந்தது. சுவிட்சுப் பெட்டிகளின் இடம் மட்டும் புள்ளியாக இருந்தது, இன்வெர்ட்டருக்கு இடமே இல்லை. கீல், தாழ்ப்பாள், குழாய் ஆகியவற்றை உப்புக் காற்றுக்கு ஏற்ற 316 தர எவர்சில்வரில் வாங்கும்படி எழுதிக் கொடுத்தவர், அது இராமநாதபுரத்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது என்பதையோ, மதுரையிலிருந்து தருவிக்க எவ்வளவு பிடிக்கும் என்பதையோ சொல்லவில்லை. பாதி இடங்களில் பித்தளைக்கு மாறிக்கொண்டோம்.

பெரிய குறை மேற்பார்வை. அடித்தளம், லிண்டல் மட்டம், தளம் ஆகிய கட்டங்களுக்கு வந்தார். அந்த வருகைகள் ஒவ்வொன்றும் பயனுள்ளவை. ஆனால் பூச்சு வேலை தொடங்கிய பிறகு அவரைப் பிடிப்பது கடினமாகிவிட்டது. தொலைபேசியை எடுக்கமாட்டார், எடுத்தால் கால் வலி என்பார். அந்த இடைவெளியில் முற்றத்தின் வடிகால் சரிவு தலைகீழாகப் போடப்பட்டு, முதல் மழைக்கே தாழ்வாரத்தில் தண்ணீர் நின்றது. உடைத்துத் திரும்பப் போட்ட செலவு எங்களுடையது. ஊர்த் திட்டம் தயாரிப்பவருக்குத் திட்டத்தை ஒப்படைப்பதோடு வேலை முடிந்துவிடும், நிறைவேற்றுவது வேறு யாரோ. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. வயதைக் காரணம் காட்டி இதை மன்னிக்கலாம், ஆனால் முழுக் கட்டணம் வாங்குபவரிடம் முழுச் சேவையை எதிர்பார்ப்பது தவறில்லை.

கட்டணம் கட்டுமானச் செலவில் 6 விழுக்காடு, ஐந்து தவணைகளில். சதுர அடிக் கணக்கில் பிளான் மட்டும் வாங்குவதோடு ஒப்பிட்டால் பல மடங்கு. தடித்த சுவர், எம் 30 காங்கிரீட், சோதித்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து எங்கள் கட்டுமானச் செலவும் பக்கத்தில் அதே அளவில் எழுந்த வீட்டைவிடக் கணிசமாகக் கூடியது. சித்திரை மதியத்தில் கூடத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடிகிறது என்பதையும், புது உறைக்கிணறு இன்னும் இனிப்பாகவே இருக்கிறது என்பதையும் அந்தக் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்கிறோம். கம்பியைப் பற்றிய கணக்கு தெரிய இன்னும் இருபது ஆண்டுகளாவது ஆகும்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டி மனை வைத்திருப்பவர்கள், அதுவும் அவசரமில்லாதவர்கள், இவரை நம்பிப் போகலாம். நகருக்குள் சிறிய மனையில் மூன்று மாடி எழுப்பி வாடகைக்கு விடுவோருக்கு இவர் ஒத்துவரமாட்டார், அவரே மறுத்துவிடுவார். போகிறவர்கள் வடிவமைப்புக்கும் மேற்பார்வைக்கும் தனித்தனித் தொகை பேசிக்கொள்ளுங்கள், பூச்சு, தரை, வடிகால் கட்டங்களுக்கான வருகைகளையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், அன்றாட மேற்பார்வைக்கு உள்ளூரில் ஓர் இளம் பொறியாளரை அமர்த்திக்கொள்ளுங்கள். எழுதி வாங்கும் பேச்சைக் காலையில் எடுப்பது நல்லது. மாலையானால் பேலாப்பூருக்குப் போய்விடுவார்.